சொன்னால் கணக்கில் வராத பதில்

1

பிள்ளைகளே, உங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செல்வி டீச்சர் போனில் கேட்டபோது, நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எனக்கு என்ன எழுதத் தெரியும் என்று தட்டிக் கழிக்கப் பார்த்தேன். தெரிந்ததை எழுதுங்கள் பாய், பயத்தைக்கூட எழுதலாம் என்றார். பயத்தைப் பற்றியென்றால் எனக்குப் பக்கம் பக்கமாக வரும். அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

என் பெயர் நூருல் அமீன். ஊர் நம்ம லப்பைக்குடிக்காடுதான். ஷார்ஜாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். உங்களோடு பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஹாரிஸ் என் மகன். அவனைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அவன் சொல்லியிருக்கிறான். அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

போன வாரம் என் பஸ்ஸில் ஒரு பெண் பிள்ளை மயங்கி விழுந்தாள். உங்கள் வயதுதான். மலையாளக் குடும்பம். பள்ளி வாசலில் இறங்கும்போது படியிலேயே சரிந்துவிட்டாள். நானும் பஸ்ஸில் கூட வரும் ஆயாவும் தாங்கிப் பிடித்து நர்ஸ் அறைக்குக் கொண்டுபோனோம். நர்ஸம்மா கேட்ட கேள்விகளுக்கு ஆயாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நோன்பு முடிந்ததிலிருந்தே இந்தப் பிள்ளை மதியச் சாப்பாட்டை மூடி திறக்காமல் திரும்பக் கொண்டுபோகிறாள். முன்பெல்லாம் சிநேகிதியோடு நடு சீட்டில் உட்காருவாள், இப்போது கடைசி சீட்டில் தனியாக. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வருவாள். பஸ் ஓட்டுகிறவனுக்கு முன்னால் ரோடு, தலைக்கு மேல் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் எல்லாம் தெரியும்.

நர்ஸம்மா என்னை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தார். உங்களுக்கு இந்த வயதில் பிள்ளை இருக்கிறதா என்றார். ஒரு மகன் என்றேன். அவன் அதிர்ஷ்டசாலி என்றார்.

பஸ்ஸுக்குத் திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகும் பயம் போகவில்லை. அந்தப் பிள்ளைக்காக மட்டும் இல்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் யாராவது என்னிடம், ஹாரிஸ் காலையில் சாப்பிடுகிறானா, யாரோடு உட்காருகிறான் என்று கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். நல்லா இருக்கான்.

2

அந்த ஒரு வருடக் கதை இப்படித் தொடங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவி ஜமீலா சாதாரணமாகத்தான் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் ஏதோ ஆராய்ச்சி பண்ணுகிறார்களாம், ஹாரிஸையும் சேர்த்திருக்கிறார்களாம், உங்கள் சம்மதம் வேண்டுமாம் என்று. என்ன ஆராய்ச்சி என்று கேட்டால், "பசங்க ஒடம்பு, நடத்த, இதப் பத்தியாம்ங்க" என்றாள். அதற்குள் போன் கார்டில் காசு தீர்ந்துவிட்டது.

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் என் மனதில் வந்தது ஊசிதான். எங்கள் அறையில் என்னோடு இருப்பவர் நடராஜன், செந்துறைப் பக்கத்துக்காரர், பஸ் மெக்கானிக். அவரிடம் சொன்னேன். அவர் என் பயத்துக்கு எண்ணெய் ஊற்றினார். புது மருந்தை முதலில் எலிக்குப் போடுவார்கள், அப்புறம் யாருக்குப் போடுவார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். பக்கத்து அறையில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே பள்ளிதான். ரத்தம் எடுப்பார்களோ, எடுத்த ரத்தத்தை எங்கே கொண்டுபோவார்கள் என்று பேச்சு வளர்ந்தது. சாயங்காலத்துக்குள் நாங்களே எங்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட்டு, காய்ச்சல் வரவழைத்து, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டோம்.

திங்கட்கிழமை டியூட்டி இடைவேளையில் பள்ளிக்கூடத்துக்கே போன் போட்டேன். தலைமை ஆசிரியர் எடுத்து, போனைச் செல்வி டீச்சரிடம் கொடுத்தார். அப்போது அவரை எனக்குத் தெரியாது. அந்த ஆராய்ச்சிக்காகத் திருச்சியிலிருந்து வாரம் ஒரு முறை வருகிறவர். சொந்த ஊர் உடையார்பாளையம்.

ஊசி உண்டா என்று நேராகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை, வாரம் ஒரு வகுப்பு என்றார். காலையில் ஏன் சாப்பிட வேண்டும், கோபம் வந்தால் என்ன செய்வது, கூட்டாளி ஒருத்தன் சிகரெட்டை நீட்டினால் எப்படி வேண்டாம் என்று சொல்வது, தூக்கம், பயம், இதெல்லாம் பேசுவார்களாம். பெண் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பும் உண்டாம். வருடத் தொடக்கத்தில் சில கேள்விகள், முடிவில் அதே கேள்விகள். பிள்ளைகள் பெயர் போடாமல் பதில் எழுதுவார்கள். வகுப்பினால் ஏதாவது மாறியதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

"என் மகன் என்ன எழுதுவான்னு எனக்குச் சொல்வீங்களா டீச்சர்?"

"சொல்ல மாட்டேன் பாய். எனக்கே தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. பெற்றவனுக்குத் தெரியக் கூடாத பதில் என்ன இருக்கிறது? ஆனாலும் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

3

டீச்சர் அதே போனில் இன்னொன்றும் சொன்னார். வேறு ஒரு பள்ளியில் அதே கேள்விகளைக் கேட்பார்களாம், வகுப்பு மட்டும் நடத்த மாட்டார்களாம். அப்போதுதான் இரண்டையும் ஒப்பிட்டு, வகுப்பினால் பயன் உண்டா என்று தெரியுமாம். அடுத்த வருடம் அவர்களுக்கும் வகுப்பு உண்டு. எந்தப் பள்ளி என்று கேட்டேன். செந்துறைப் பக்கம் என்றார்.

அறைக்கு வந்து நடராஜனிடம் சொன்னேன். அவர் மகள் கவிதா படிக்கும் பள்ளியேதான் அது. வெள்ளிக்கிழமை எலியைப் பற்றிப் பேசிய மனிதர், இப்போது முகம் வாடிப்போனார்.

"அது என்னா நியாயம் பாய்? ஒங்க புள்ளைக்குப் பாடம், எம் புள்ளைக்குக் கேள்வி மட்டுமா?"

அடுத்த வருடம் உண்டு என்றேன். அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குப் பேசும்போது அந்த வாரம் டீச்சர் என்ன நடத்தினார் என்று ஹாரிஸிடம் கேட்டு வைக்க வேண்டும். ஹாரிஸ் சொல்வதை நான் நடராஜனுக்குச் சொல்வேன். அவர் அதைக் கவிதாவுக்குப் போனில் நடத்துவார். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனரைப் பிடித்தபடி, கோபம் வந்தால் பத்து வரை எண்ணுவதா, தண்ணீர் குடிப்பதா என்று என்னிடம் சந்தேகம் கேட்பார். அவருக்குக் கோபம் அதிகம். அந்தப் பாடத்தை மட்டும் அவரே படித்தால் போதும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

உண்மையைச் சொன்னால் அந்த ஏற்பாட்டினால் எனக்குத்தான் லாபம். ஹாரிஸிடம் பேச ஒரு விஷயம் கிடைத்தது. அதற்கு முன்னால் எங்கள் பேச்சு எப்படி இருக்கும் தெரியுமா? நல்லா இருக்கியாப்பா. நல்லா இருக்கேன் அத்தா. படிக்கிறியா. படிக்கிறேன். அம்மாட்ட குடு. இடையில் நான், முடிந்தது என்பதற்குக் கல்லாஸ், நேராக என்பதற்குச் சீதா என்று இங்கே புழங்கும் சொற்களைக் கலந்துவிடுவேன். அவன் மெதுவாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்புதான் நாங்கள் இருவரும் உண்மையாகப் பேசிக்கொண்டது.

4

நம்ம ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும். வெளிநாட்டில் இருக்கிறவருக்கு நல்ல சேதியை மட்டும்தான் சொல்வோம். காய்ச்சல் வந்தால், அது விட்ட பிறகு சொல்வோம். மார்க் குறைந்தால் அடுத்த பரீட்சையில் ஏறிய பிறகு சொல்வோம். பாவம், அங்கே தனியாக இருக்கிறார், அவரை ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்பதுதான் காரணம். இந்தப் பக்கம் நாங்களும் அப்படித்தான். வெயிலில் மயங்கி விழுந்தவன், ஊருக்குப் போன் பேசும்போது இங்கே நல்ல குளிர் என்பான். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் இரண்டு பக்கமும் அப்படிச் செய்தால், நடுவில் யாருக்கும் யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியாமல் போய்விடுகிறது.

விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பிய ஒருவர் எங்கள் அறைக்கு வந்தார். அல்வா பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, "ஒங்க ஹாரிஸ் நல்லா வளந்துட்டான் பாய், சாயங்காலமானா பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வரி போதும். ஏன் நிற்கிறான்? யாரோடு? கையில் என்ன? ஜமீலாவைக் கேட்டேன். நல்லா இருக்கான், நீங்க கவலைப்படாதீங்க என்றாள். கவலைப்படாதீங்க என்று அவள் சொன்ன வேகமே என்னைக் கவலைப்பட வைத்தது. மறுநாள் பஸ் கண்ணாடியில் ஒவ்வொரு பையனையும் பார்க்கிறேன். ஒருவன் ஜன்னலைத் திறந்து வாயால் ஊதினால், சிகரெட் வாடையை மறைக்கிறானோ என்று தோன்றுகிறது. ஒருவன் கண் சிவந்திருந்தால் ஏன் தூங்கவில்லை என்று தோன்றுகிறது. யார் யாருடைய பிள்ளைகளையோ பார்க்கிறேன். என் பிள்ளை அந்தக் கண்ணாடியில் இல்லை.

கேட்டால் என்ன சொல்வான்? நல்லா இருக்கேன் என்பான். திட்டினால்? அதன் பிறகு போனுக்கே வர மாட்டான். பதினான்கு வயதில் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நகர்ந்து போகிற பையன், பதினெட்டில் முழுவதுமாகப் போய்விடுவான். அந்தப் பயம்தான் எனக்கு.

5

அடுத்த வெள்ளிக்கிழமை போனை எடுத்தது ஹாரிஸ். வழக்கமாக அம்மாதான் எடுப்பாள். ஒரு வீட்டுப்பாடம் இருக்கிறது என்றான். செல்வி டீச்சர் கொடுத்தது. வீட்டில் பெரியவர் ஒருவரிடம் இதுவரை சொல்லாத ஒரு கவலையைச் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவரும் தன்னுடைய கவலை ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்கிறவர் புத்தி சொல்லக் கூடாது. என்ன பேசினோம் என்று டீச்சரிடம் சொல்ல வேண்டியதில்லை, பேசினோம் என்று சொன்னால் போதும்.

"அம்மாட்ட கேட்டேன் அத்தா. எனக்கு ஒரு கவலையும் இல்லன்னுட்டாங்க. அதான் ஒங்களுக்காக ஒக்காந்திருந்தேன்."

போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். எதிரே கட்டிலில் நடராஜன், அந்த வாரப் பாடம் வரட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்."

"அது கணக்குல வராது அத்தா."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வாத்தியார் மாதிரி சொன்னான். பள்ளி பஸ் ஓட்டுகிறவர்களுக்கு இங்கே வருடா வருடம் மருத்துவப் பரிசோதனை உண்டு. அந்த முறை எனக்குச் சுகர் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு அலுவலகத்தில் ரத்தம், இன்னொன்றில் கண், மூன்றாவதில் முத்திரை. முத்திரை போடுகிறவர், மாத்திரை சாப்பிட்டுக் குறைத்துக்கொண்டு மறுபடி வா, குறையாவிட்டால் பஸ் கிடையாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நடராஜனுக்கே மாத்திரையைப் பார்த்துத்தான் தெரியும்.

ஹாரிஸிடம் சொன்னேன். பஸ் போய்விடுமோ என்ற பயத்தையும் சொன்னேன். காலையில் எழுந்தால் முதல் நினைப்பு அதுதான் என்றேன். சொல்லி முடித்ததும், வேண்டாத வேலை செய்துவிட்டோமோ, சின்னப் பிள்ளை தலையில் பாரத்தை ஏற்றிவிட்டோமோ என்று பதறியது.

அதைக் கேட்டதும் அந்தப் பக்கம் நடந்ததை எழுதக் கூடாது என்று ஹாரிஸ் சொல்லியிருக்கிறான். எழுதவில்லை.

பிறகு அவன் சொன்னான். நான் விசாரித்தது ஜமீலா மூலம் அவனுக்குத் தெரிந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் கூட்டாளிகளோடு நிற்பது உண்மை. அங்கே இரண்டு தடவை சிகரெட் இழுத்ததும் உண்மை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்துவிட்டேன். நடராஜன் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து, பத்து விரலையும் விரித்துக் காட்டினார். பத்து வரை எண்ணச் சொல்கிறார். அந்த நேரத்தில் அவரை அடிக்கலாம் போலிருந்தது. ஆனாலும் எண்ணினேன். புத்தி சொல்லக் கூடாது என்பது விதி.

நான் திட்டாமல் இருந்ததால்தானோ என்னவோ, அவன் அடுத்ததைச் சொன்னான்.

"அதில்ல அத்தா என் கவல. அத நானே விட்டுட்டேன். நீங்க லீவுல வர்றதுதான் எனக்குக் கவல."

"ஏம்ப்பா?"

"நீங்க வந்தா வூட்டுல எல்லாரும் நடிக்கிறோம் அத்தா. அம்மா ஒடம்பு சரியில்லன்னாலும் சிரிக்கிறாங்க. நானு ஒங்க முன்னாடி புத்தகத்த வெச்சிக்கிட்டே ஒக்காந்திருக்கணும். ரெண்டு மாசம் விருந்தாளி வந்த மாதிரி இருக்கு. நீங்க போனதும் எல்லாருக்கும் மூச்சு வருது. அப்புறம் நீங்க போயிட்டீங்களேன்னு கஷ்டமாவும் இருக்கு. அதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன். அங்க யாரும் நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டாங்க."

கார்டு முடியப்போகிறது என்று ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சொன்னது. சரிப்பா என்று மட்டும் சொன்னேன். லைன் போய்விட்டது.

6

அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை. என் பிள்ளை நான் வருவதைப் பார்த்துப் பயப்படுகிறான். எத்தனை வருடமாக நான் ஊருக்குப் போகும் நாளை எண்ணி எண்ணி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நாளை அங்கே ஒருவன் வேறு மாதிரி எண்ணிக்கொண்டிருக்கிறான். அந்த எண்ணத்தோடு பஸ்ஸை எடுத்தால் ஒவ்வொரு சிக்னலிலும் பயம்.

ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவன்தான் போனை எடுத்தான். நல்லா இருக்கீங்களா என்று கேட்கவில்லை.

"சுகர் எவ்வளவு அத்தா?"

சொன்னேன். குறையவில்லை என்பதையும் சொன்னேன். சோற்றைக் குறையுங்கள், நடங்கள் என்றான். புத்தி சொல்லக் கூடாது என்பதுதானே விதி என்றேன். அது போன வாரம் என்றான்.

மறுபரிசோதனையில் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. முத்திரையும் கிடைத்தது. அடுத்த முறை என்ன ஆகும் என்று தெரியாது. அதையும் அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஜமீலாவிடமும் என் சுகரை நானே சொல்லிவிட்டேன், ஹாரிஸைக் கேட்டுக்கொண்டு அவன் சிகரெட்டையும் சேர்த்து. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு தனக்கு முழங்கால் வலி இருப்பதைச் சொன்னாள். எத்தனை நாளாக என்றேன். நீங்கள் போன தடவை வந்தபோதே இருந்தது என்றாள்.

நடராஜன் கதையையும் முடித்துவிடுகிறேன். அவரும் அந்த வீட்டுப்பாடத்தைக் கவிதாவோடு செய்தார். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து படுத்தார். பிறகு என் மூலம் வரும் பாடம் போதவில்லை என்று நேராகச் செல்வி டீச்சருக்கே போன் போட்டு அடுத்த பாடம் என்ன என்று கேட்டிருக்கிறார். உங்கள் பெண் எந்தப் பள்ளி என்று டீச்சர் கேட்க, இவரும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. பாடம் போகக் கூடாத பள்ளிக்குப் பாடம் ஷார்ஜா சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறது.

டீச்சர் என்னிடமும் பேசினார். "ரெண்டு பேருமா சேந்து எங்க ஆராய்ச்சியக் கெடுத்துட்டீங்களே பாய்" என்றார். ஒரே ஒரு பெண்தானே டீச்சர் என்று நான் சமாதானம் சொன்னேன். பக்கத்திலிருந்த நடராஜன் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஒரு பொண்ணு இல்லங்க டீச்சர். அவ வகுப்பு பூராவுக்கும் சொல்லிக் குடுத்துட்டா."

டீச்சர் சிரித்துவிட்டார். நடந்ததை மறைக்க முடியாது, அறிக்கையில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னார். அவர் சிரித்தாலும் அவருடைய வேலைக்கு ஏதும் கேடு வருமோ என்று எனக்கு இன்னும் உறுத்தல்தான். முடிவு வந்துவிட்டதா என்று கேட்டால், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், என்ன வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார். சொல்லத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளை எனக்கு நம்பப் பிடிக்கும்.

7

போன வாரம் மயங்கி விழுந்த பெண் பிள்ளை நேற்று மறுபடி பஸ்ஸில் ஏறினாள். வழக்கமாக ஏறுகிற பிள்ளைகளைப் பார்த்து நல்லா இருக்கியா என்று மலையாளத்தில் கேட்பேன். நேற்று கேட்க வாய் வந்து, நிறுத்திக்கொண்டேன். இன்றைக்கு டிபன் பாக்ஸில் என்ன என்றேன். யோசித்துவிட்டு, புட்டு என்றாள். நாளைக்கு என்ன என்றேன். தெரியாது அங்கிள் என்று சொல்லிவிட்டு நடு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

எனக்கு லீவு கிடைத்துவிட்டது. திருச்சி விமான நிலையத்துக்கு ஹாரிஸ் வருவான். ஜமீலாவிடம் வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டாம், முழங்காலை டாக்டரிடம் காட்டு என்று சொல்லியிருக்கிறேன். ஹாரிஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான். பார்த்தவுடனே நல்லா இருக்கியான்னு கேக்காதீங்க அத்தா, வேற எதாவது கேளுங்க என்றான்.

வேறு என்ன கேட்பது? நான்கு நாளாக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இதைத்தான் யோசிக்கிறேன். படிப்பைக் கேட்டால் பரீட்சை மாதிரி ஆகிவிடும். உயரத்தைப் பற்றிக் கேட்டால் உறவுக்காரர் மாதிரி ஆகிவிடும். கடைசியில் ஒன்று தோன்றியிருக்கிறது. விமான நிலையத்திலிருந்து வரும் வண்டி நம்ம பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே நிறுத்தச் சொல்லி இறங்கி, நீ எந்த இடத்தில் நிற்பாய் என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். அவன் காட்டினால் அங்கே போய்ப் பக்கத்தில் நிற்பேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டேன்.

காட்டுவானா என்று தெரியவில்லை. அதுதான் இப்போதைய பயம். நீங்களும் சாயங்காலம் அங்கேதான் நிற்பீர்கள் என்று கேள்விப்பட்டேன். எங்களைப் பார்த்தால் கலைந்து போய்விடாதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று இடம் கொடுங்கள்.